களைந்து தந்தவர்

அவருடைய ஸ்டுடியோவில் மின்விசிறி ஓடி யாரும் பார்த்ததில்லை. விசிறி உண்டு, சுவிட்சும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும்வரை அதைப் போடக்கூடாது, சத்தம் வருமாம். பங்குனி வெயிலில் போய் நின்றாலும் இதே கதிதான். நமக்கு முதுகில் வேர்வை ஓடும். அவர் பனியனோடு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, யாருடைய கல்யாணத்திலோ அழுத ஒரு குழந்தையைத் தேடிக்கொண்டிருப்பார்.

"கிட்டியாச்சு," என்பார் திடீரென்று. "இந்தா கெடக்கான் பய."

மவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார். அழுகை போய்விடும். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நம்மைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். பல்வலி போன குழந்தை சிரிக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் "எப்ப வந்தே மக்கா?" என்று கேட்பார்.

பெயர் சொல்லப்போவதில்லை. குளத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகவேண்டியதில்லை. எங்கள் சபையில் எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள், நானும் அண்ணன் என்றேன். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. அண்ணன் இல்லாத குறையை இவர் தீர்த்தார் என்று ஒரு காலத்தில் வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

வீடியோ எடுக்கிறவர்களுக்குக் கேரள எல்லைக்குள் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கிற எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. பஸ் பாறசாலை போய்ச் சேருவதற்குள் நாலைந்து போர்டு கண்ணில் படும். இவருக்கு எடுப்பதில் பெரிய விருப்பம் கிடையாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பந்தலின் ஓரத்தில் விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி நிற்பார். எடுத்ததிலிருந்து வேண்டாததை நீக்குவதில்தான் அவருக்கு உயிர். அதனாலேயே வேலை தாமதமாகும். அவர் கல்யாண வீடியோ கொடுப்பதற்குள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். "வேண்டாதத களஞ்சா பாக்கி உள்ளது நல்லதாக்கும்" என்பார். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இதைச் சொல்லியிருப்பார்.

பனச்சமூட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு இறைச்சி போதவில்லை என்று தொடங்கிய பேச்சு, நாற்காலி பறக்கும்வரை போயிற்று. பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் கைகூப்பி நின்று அழுதார். நானும் அங்கே இருந்தேன், சாம்பார் வாளியை யாரோ காலால் தட்டியதில் என் சேலை பாழானது. பல மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது டி.வி.யில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பாயசம் விளம்புகிறார்கள். பெண்ணின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தன்னுடைய மகளின் கல்யாணத்தை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம், "எந்தொரு நல்ல கல்யாணமாயிருந்து, இல்லியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

இன்னொரு பெண், என்னோடு சபைப் பாட்டுக் குழுவில் இருந்தவள். புருஷன் அவளை விட்டுவிட்டுப் போனதும் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு இவரிடம் போனாள். இவர் அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்துக் கொடுத்தார். அவன் கை அவள் தோளில் இருந்தது. நாலு விரலை அழிக்க வழியில்லாமல் அதைச் சேலையின் மடிப்பாக மாற்றினார். அவள் அதைச் சுவரில் மாட்டினாள். கொஞ்ச காலத்தில் அவன் திரும்பி வந்து சேர்ந்துகொண்டான். அவள் வெட்கத்தோடு மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனாள். இவர் தொட்டியை மாற்றிவிட்டு அவனைத் திரும்ப நிறுத்தினார், சட்டை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் நல்ல நிறத்தில். இந்தக் கதையை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அவர் செய்தது இதையெல்லாம்விடப் பெரிது. அம்மா பாடிய ஒரு கேசட் எங்கள் வீட்டில் கிடந்தது. அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன, நாடாவும் பூஞ்சை பிடித்து இரைந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் எத்தனையோ வாரம் வைத்திருந்து, ஒரு சி.டி.யாகக் கொண்டுவந்து கையில் தந்தார். ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. போட்டுக் கேட்டால் அம்மா பக்கத்து அறையில் நின்று பாடுகிறாள். நான் அழுத அழுகையில் என் வீட்டுக்காரர் பயந்துபோனார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பழைய கேசட்டில் பாட்டுக்கு நடுவில் எங்கள் கோழி ஒன்று கத்தும். கடைசியில் அப்பா எங்கிருந்தோ, "சோறு ஆயாச்சா?" என்று கேட்பார். இரண்டும் இல்லை.

"பாட்டுக்க எடையில சோறு என்னத்துக்கு மக்கா?" என்றார் அவர். "களஞ்சேன்."

அன்று இருவரும் சிரித்தோம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், அவர் சோறு கேட்கிற சத்தம் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தது, அதனால் எனக்கு நஷ்டம் தெரியவில்லை.

சபைக் கூட்டங்களையும் அவர்தான் பதிவு செய்வார். ஒருமுறை பொதுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி எழுந்து கமிட்டியை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள். நன்றாகவே கேட்டாள், கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவு வந்தபோது அதில் அவள் இல்லை. அறிக்கை வாசிப்பு, ஸ்தோத்திரம், ஆசீர்வாதம், அவ்வளவுதான். அவள் ஸ்டுடியோவுக்கே போய்ச் சண்டை போட்டாள். "நல்ல ஒரு கூட்டத்துல வழக்கு எதுக்கு சிஸ்டரே?" என்று இவர் கேட்டதை ஊரே சொல்லிச் சிரித்தது. அந்தக் கமிட்டிக்கு அப்போது செயலாளர் என் தம்பி.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இளைய மகனுக்குத்தான் குடும்ப வீடு. ரோட்டை ஒட்டிய முன்பக்கம் தம்பிக்கு, பின்பக்கம் எனக்கு என்று அப்பா எழுதிவைத்தார். நான் பின்பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறினேன். தம்பி நிலத்தின் ஓரமாக, பலாமரத்தைச் சுற்றி, ஆட்டோ வரக்கூடிய அகலத்தில் ஒரு வழி. நான் பிறப்பதற்கு முன்பே உள்ள வழி. அதைப் பத்திரத்தில் எழுத வேண்டுமென்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னாராம். அப்பா சம்மதிக்கவில்லை. "ஒரே முற்றத்துக்கு எவனாவது வழி எழுதுவானா?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வழியை எழுதிவைப்பது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் தம்பி வீட்டு முற்றத்தில் நடந்தது. ஸ்டுடியோ அண்ணன் கேமராவை நிறுத்தியிருந்தார். அவர் எடுக்கிறார் என்பதால் வேறு யாரும் போனைத் தூக்கவில்லை. உபதேசியார் ஜெபித்து முடித்ததும் தம்பி நன்றி சொல்ல எழுந்தான். அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன், என் பக்கம் திரும்பினான்.

"இது அப்பாக்க காலத்துலே உள்ள வழியாக்கும். அக்கா நடக்கிய வரைக்கும், அக்காக்க பிள்ளைய நடக்கிய வரைக்கும், இதுல ஒருத்தனும் ஒரு கல்லு வைக்க மாட்டான். அப்பாக்க படத்துக்க முன்ன நின்னாக்கும் சொல்லுகேன்."

நான் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். "போதும் மக்கா," என்றேன். "எனக்கு இது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். தம்பி அன்று பொய் சொன்னான் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அன்று அவன் மனதில் அதுதான் இருந்தது.

பிறகு அவன் மகனுக்கு வீடு வைக்க வேண்டி வந்தது. வாஸ்து பார்த்தார்கள், வரைபடம் போட்டார்கள், வழி இருந்த இடத்தில் மதிலுக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். அந்த வருடம்தான் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்துபோயிருந்தது. வாரத்துக்கு இருமுறை பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். "பின்னால வாழத்தோட்டத்து வரம்பு உண்டல்லோ அக்கா" என்றான் தம்பி. அந்த வரம்பில் ஒரு ஆள் நேராக நடப்பதே பாடு. மதில் எழும்பிய பிறகு அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எலெக்ட்ரீஷியனாக எத்தனையோ வீட்டுக் கூரையில் ஏறி இறங்கிய மனுஷன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வாழை இலைகளைப் பார்த்தபடி போவார்.

வானம் தோண்டிய அன்றே நான் ஸ்டுடியோவுக்கு ஓடியிருந்தேன். நினைவு ஜெப வீடியோவை அவர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வழக்கமான தாமதம். என் நல்ல காலம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். தம்பி எழுகிறான், என் பக்கம் திரும்புகிறான், சொல்கிறான், ஒரு வார்த்தை குறையாமல். நான் திரையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"வெளியில ஒரு மோட்டார் சத்தம் கெடக்கு மக்கா. பிள்ளையளுக்க பகளமும் உண்டு," என்றார். "அதொக்க களஞ்சு நல்லா ஆக்கித் தாறேன்."

"செரி அண்ணா," என்றேன்.

நெய்யாற்றின்கரையில் எனக்கு வாய்த்த வக்கீல் காஞ்சிரங்குளத்துக்காரி, என் மகள் வயது. வீடியோ என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, வழி பண்டு முதலே உண்டுன்னு உங்க தம்பியே சொல்லியிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா அதத் தொடப்பிடாது. மோட்டார் சத்தம் கெடந்தா கெடக்கட்டும். வெட்டின காப்பி கோர்ட்டுல நிக்காது. வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லாதீங்க. கேமராவில இருந்த கார்டு, இல்லேங்கில் கம்ப்யூட்டர்ல உள்ள ஒரிஜினல், அது அப்படியே வேணும். எடுத்த ஆளு ஒரு சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடவும் செய்யணும்."

ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்று ஒரு நீண்ட எண் உண்டு, உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால் கார்டைக் கையில் வாங்கிய உடனே எண்ணை எடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். கடைசியாக, "எதுக்கும் அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி வைக்கட்டா? எதையும் அழிக்கப்பிடாதுன்னு எழுத்துல இருந்தா நல்லது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் பாட்டை மீட்டுத் தந்தவருக்கு வக்கீல் நோட்டீசா? வேண்டாம், நான் வாயால் சொன்னாலே போதும் என்றேன். வெளியே வந்து அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன். ஒன்றும் தொட வேண்டாம் அண்ணா, உள்ளது உள்ளபடி வேணும் என்றேன். "உண்டு மக்கா, எங்கிட்ட உண்டு. நீ பயப்படண்டாம்" என்றார். எங்கள் ஊரில் உண்டு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை.

சில நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். வாழைத்தோட்டத்து வரம்பு வழியாகத்தான் வந்தார், வேட்டிக் கரையெல்லாம் சேறு. ஒரு பென்டிரைவைக் கையில் தந்துவிட்டு, என் வீட்டுக்காரரின் காலைப் பிடித்துப் பார்த்து, "எல்லாம் செரியாவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டி.வி.யில் மாட்டினேன். ஜெபம் முடிகிறது. தம்பி எழுகிறான், சட்டையை இழுத்துவிடுகிறான், அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை. பிறகு பூவைத்த அப்பாவின் படம் கொஞ்ச நேரம் நிற்கிறது. அடுத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறேன். அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. காணாமல்போன இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் இல்லை. பிள்ளைகளின் பகளம் இல்லை. வழியும் இல்லை.

ஸ்டுடியோவில் போய் நின்று கேட்டேன். "தம்பி பேசினது எங்க அண்ணா?"

"அதையும் களஞ்சேன்," என்றார். "நீயும் செரின்னு சொன்னதுதானே மக்கா."

அந்தச் சொல்லை வைத்துத்தான் அவர் தப்பித்தார். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். களைவது என்றால் நாற்றை விட்டுவிட்டுப் புல்லைப் பிடுங்குவது. மலையாளத்தில் களைவது என்றால் தூக்கி எறிவது, நல்ல சோற்றைக்கூடக் களையலாம். எங்கள் ஊரில் வீட்டுக்குள் ஒரு பாஷை, கடைக்குப் போனால் இன்னொன்று, ஒரே வாயில் இரண்டு அர்த்தமும் புழங்கும். யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. அவர் அன்று நான் தமிழில் செரி சொன்னதை மலையாளத்தில் எடுத்துக்கொண்டார். தெரியாமல் அல்ல. போனில் நான் தொட வேண்டாம் என்று சொன்னதைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுக்கு முந்தியே களஞ்சாச்சே" என்றார். அப்படியென்றால் எது உண்டு என்றீர்கள் என்று கேட்டேன். "வீடியோ உண்டுன்னு சொன்னேன்" என்றார்.

கார்டு எங்கே என்றேன். அதில் பிறகு வேறு கல்யாணம் ஏறிவிட்டதாம். கம்ப்யூட்டரில்? முடிந்த வேலையை வைத்திருப்பது அவருக்கு வழக்கமில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு நீயும் அவனும் ஒண்ணாவுவீங்க. அப்ப இது கெடந்தா நல்லா இருக்காது மக்கா. கூடப்பிறந்தவங்க கோர்ட்டு ஏறியதுக்கு என்னால ஒரு காரணம் வேண்டாம்."

"அப்ப அவன் கெட்டின மதிலையும் களஞ்சு தாரும்," என்றேன்.

அவர் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். நான் அங்கே நின்று பேசிய எதுவும் அதற்குப் பிறகு அவர் காதில் ஏறியிருக்காது. என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு அவமானப்படுத்தியதில்லை.

தம்பி அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டானா? எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்றுதான் தோன்றுகிறது. யாருக்கு எது அசிங்கம் என்று அவராகவே பார்த்துக் களைந்து கொடுப்பவர். இத்தனை காலமும் நாங்கள் அதற்காகத்தானே அவரைக் கொண்டாடினோம்.

கம்ப்யூட்டரில் அழித்ததை ஆட்களை வைத்து மீட்கலாம், கோர்ட்டில் மனுப் போட்டு ஹார்ட் டிஸ்கைக் கேட்போம் என்றாள் வக்கீல். மனு போய்ச் சேர்ந்தபோது ஸ்டுடியோவில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. பழையதைக் காயலான் சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனின் வண்டியில் போட்டுவிட்டாராம். எழுத்துத் தேய்ந்த கீபோர்டைக்கூட மாற்ற மனம் வராமல் பசை வைத்து ஒட்டிப் பயன்படுத்தியவர் அவர். அந்தச் செய்தி வந்த அன்று மனதிலிருந்து அவரை இறக்கினேன். அதுவரைக்கும் எங்கேயோ ஒரு மூலையில், பாவம், நல்லது நினைத்துச் செய்துவிட்டார் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அன்று முற்றத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த சொந்தங்களிடம் போனேன். சாட்சி சொல்ல வாருங்கள் என்றேன். ஒருத்தருக்கு ஓர்மை இல்லை. இன்னொருத்தருக்கு மகள் கல்யாணம், தம்பியின் முகத்தில் விழிக்க வேண்டும். ஒரு சித்தி மட்டும் நேராகச் சொன்னாள்: "அதொக்க வீடியோவில உண்டல்லோ பிள்ளே. நாங்க என்னத்துக்கு?"

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் படியில் நிற்பார். "சுகமா மக்கா? வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி உண்டு?" என்று கேட்பார். நடிப்பு இல்லை, உண்மையான விசாரிப்புத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை விழுந்து எழ முடியாதபடி தள்ளியவருக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தாண்டிப் போவேன். பின்னால், "பாவம், மனசு செரியில்ல" என்று யாரிடமோ சொல்வது கேட்கும்.

வழக்கில் அவர் தம்பி தரப்புச் சாட்சி. நான் கூண்டில் ஏறியதற்குப் பிறகுதான் அவர் ஏறினார் என்றாலும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நினைவு ஜெப வீடியோவை என் தம்பிதான் கோர்ட்டில் தாக்கல் செய்திருந்தான். கூடவே அந்தச் சர்டிபிகேட்டும், அவர் கையெழுத்துப் போட்டது. ஹாஷ் எண் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது, வெட்டி முடித்த பிறகு எடுத்த எண். என் வக்கீல் அவரை நிறுத்திக் கேட்டாள், இந்தப் பதிவிலிருந்து எதையாவது நீக்கினீர்களா என்று. அவர் ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பகளம் மாத்ரம்" என்றார். இரைச்சலை மட்டும். இன்னும் பலவிதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர் மனதறிந்து பொய் சொல்வதாகப் பார்க்கிற யாருக்கும் தோன்றியிருக்காது.

இனி நான் ஏறிய நாள். வீடியோவை ஓட்டிக் காட்டுவார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீல் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரை அன்று காலையிலும் நாற்காலியில் தூக்கி வாழைத்தோட்டத்தைக் கடத்தித்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி எதிர்ப்பக்கம், தலையைக் குனிந்தபடி.

திரையில் ஜெபம் முடிந்தது. தம்பி எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டான், அப்பாவைப் புகழ்ந்தான். அப்பாவின் படம் வந்தது. அங்கே காணாமல்போனதை நினைத்து நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. அடுத்து நான் வந்தேன். தம்பியின் வக்கீல் சத்தத்தைக் கூட்டினார்.

"போதும் மக்கா. எனக்கு இது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பங்கு பிரித்துக் கொடுத்தது போதும், தம்பி நிலத்தில் எனக்கு வேறு எந்த உரிமையும் வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன். அப்படித்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அப்படித்தான் இருந்தது. தம்பியின் வாக்கைக் களைந்தவர் அதற்கு நான் சொன்ன நன்றியைக் களையவில்லை. கண்ணீரும் பாசமுமாக நல்ல காட்சி, அதை எதற்குக் களைய வேண்டும்?

வக்கீல் என் பக்கம் திரும்பி மலையாளத்தில் கேட்டார். "இது நிங்ஙளுடெ சப்தம் தன்னெயாணோ?"

இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். ஓட்டினார்கள். காற்று இல்லை, மோட்டார் இல்லை, ஒரு பிள்ளையின் சிணுங்கல்கூட இல்லை. என் குரல் அத்தனை தெளிவாக நான் கேட்டதே இல்லை. கர்த்தர் பெயரால் சத்தியம் செய்திருந்தேன். பின்பெஞ்சில் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன். "எனக்க சத்தம்தான்."